கறுப்புச் சேவலும் கருப்பட்டியும்

"பிள்ளையாண்டானுக்குச் சிங்கப்பூரில் என்ன உத்தியோகம்?" என்று வள்ளியூரில் எவரேனும் கேட்டால், என் தாயார், "ஹோட்டலில் மானேஜர்" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. மதுவின் வாடையே படாத குடும்பத்தில் பிறந்தவன், இத்தாலிய போஜனசாலை ஒன்றில் திராட்சை மது பரிமாறுகிறான் என்பதை எந்தத் தாய்தான் வாய்விட்டுச் சொல்லுவாள்!

இந்த உத்தியோகத்துக்கு 'ஸொம்மெலியே' என்று பெயர். நம்மவர் நினைப்பது போல் இது குடிக்கிற உத்தியோகமன்று. ஒரு மிடறு வாயில் வைத்து, ருசியை அறிந்து, பக்கத்துப் பாத்திரத்தில் உமிழ்ந்துவிட வேண்டும். புட்டி திறந்ததும் முதல் வேலை மூக்குக்கு. ஈர அட்டைப் பெட்டியின் வாசனை வந்தால் தக்கையினால் சரக்கு கெட்டிருக்கிறது என்று பொருள். விலை எத்தனையானாலும் அது விருந்தாளியின் முன் போகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, "இது எங்கிருந்து வந்தது?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிய வேண்டும். எந்தக் குன்று, எந்த மண், எந்த வருஷத்து வெயில் என்பதெல்லாம் அந்தப் பதிலில் அடக்கம்.

என் மேலதிகாரி ஓர் இத்தாலியர். 'பரோலோ' என்னும் மதுவைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் நம் கதாகாலட்சேபம் தோற்றது! நெபியோலோ என்னும் ஒரே ஜாதித் திராட்சையில்தான் அதைச் செய்ய வேண்டுமாம். அறுவடைக்குப் பின் குறைந்தது 38 மாதங்கள் காத்திருக்க வேண்டுமாம். அதில் 18 மாதங்கள் மரப் பீப்பாயில். கியாந்தி மதுவுக்கோ, டஸ்கனியை ஆண்ட மூன்றாம் கோஸிமோ 1716-இலேயே எல்லை வகுத்துவிட்டார். 1924-இல் அங்குள்ளோர் சங்கம் கூடி, கறுப்புச் சேவலைத் தங்கள் முத்திரையாகக் கொண்டனர். சேவற்கொடியோன் குகைக் கோயில் கொண்ட ஊர்க்காரன் அல்லவா நான்? அந்தப் புட்டியைக் கண்டால் கொஞ்சம் உறவு பாராட்டத்தான் தோன்றுகிறது. 1963-இல் இத்தாலிய அரசாங்கமும் ஊர்ப் பெயரைக் காக்கச் சட்டம் செய்தது.

இதையெல்லாம் கேட்கும்போது எனக்குத் திசையன்விளைப் பக்கத்துப் பனங்காடுதான் நினைவுக்கு வரும். அலகுப்பனை எது, பருவப்பனை எது என்று பார்த்து ஏறி, பாளையைக் கடிப்பால் நசுக்கி, நாள்தோறும் நுனியைச் சீவி, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டுகிறார் பனையேறி. சுண்ணாம்பு இருந்தால் பதநீர். இல்லையேல் சிறிது நேரத்தில் கள். (கள் இறக்க 1987 முதல் தமிழ்நாட்டில் தடை.) சுண்ணாம்பு மிஞ்சினால் நாக்குக் காரும், குறைந்தால் புளிக்கும். ஓலைப் பட்டையில் ஊற்றிய பதநீரை ஒரு வாய் பருகிவிட்டு, எந்த மரத்தில் இறக்கியது என்று சொல்லும் கிழவர் ஒருவரை நான் அறிவேன். அவருக்கு ஒரு பட்டமும் கிடையாது.

அங்கே விருந்தாளி கேட்கிறார். இங்கே நாம் கேட்பதில்லை. மதுவிலக்கைப் போதித்த காந்தியடிகள் பனை வெல்லத்தை ஆதரித்தார். நாமோ சீனிப்பாகு கலந்த கருப்பட்டியை, நிறம் கறுப்பாயிருந்தால் போதுமென்று வாங்குகிறோம். உடன்குடிக் கருப்பட்டிக்கு அண்மையில் புவிசார் குறியீடு கிடைத்தது சந்தோஷமே. ஆயினும், சீனி கலந்த சரக்கு மலிவாய் விற்கும்வரை, அசல் காய்ச்சுகிறவருக்குக் கட்டுபடியாவது எங்ஙனம்? கடைக்காரரிடம், "எந்த ஊர்ச் சரக்கு? யார் காய்ச்சியது?" என்று கேட்க நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு எந்தப் பட்டமும் வேண்டியதில்லை.

சென்ற விடுமுறையில் அந்தக் கிழவர் வீட்டுக் கருப்பட்டியைச் சிங்கப்பூருக்குக் கொண்டு போனேன். இத்தாலியர் ஒரு துண்டை முகர்ந்தார். நாவில் வைத்துக் கண்ணை மூடினார். இதை மட்டும் அவர் உமிழவில்லை! பிறகு, எந்த ஊர், எந்த மாதம், யார் காய்ச்சியது என்று கேட்டார். மூன்றுக்கும் பதில் சொன்னேன்.

"அவருக்குப் பிறகு யார் ஏறுவார்கள்?" என்றார்.

கிழவருக்கு வயது 68. பிள்ளைகள் இருவரும் மும்பையில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார்கள். முந்தின வருஷம் முப்பது பனை ஏறியவர், இந்த வருஷம் பன்னிரண்டுதான் ஏறினார் என்று சொன்னேன். இத்தாலியர் மிச்சமிருந்த துண்டைக் காகிதத்தில் மடித்துத் தம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.