மாராங் கடலில் சோத்தோங் இரவு

ஏப்ரல் பிறந்தால் திரெங்கானு கடற்கரைச் சாப்பாட்டுக் கடைகளில் பேச்சு ஒன்றுதான்: சோத்தோங். வடகிழக்குப் பருவக்காற்று ஓய்ந்து கடல் அடங்கியிருக்கும் மாதங்கள் இவை. ஏறக்குறைய ஜூலை வரை கணவாய்கள் கரையை ஒட்டிக் கூட்டமாக வரும். மாராங், டுங்குன், கோல பெசுட் படகுத்துறைகளில் மாலையானால் ஐஸ் பெட்டியும் கையுமாகக் குடும்பங்கள் நிற்கும். ‘சண்டாட் சோத்தோங்’ என்பார்கள் இதை. சண்டாட் என்பது அந்தத் தூண்டில் முள்ளின் பெயர்.

காப்பாஸ் தீவுக்குப் படகு ஏறும் மாராங்கைத்தான் நாங்கள் தேர்ந்தெடுத்தோம். நாள் குறிப்பதில் மட்டும் ஒரு சிக்கல். நிலா இல்லாத இரவில்தான் படகு விளக்கு எடுபடும். வெளிச்சத்துக்குச் சின்ன மீன்கள் கூடும், அவற்றைத் தின்னக் கணவாய் வரும். ஆனால் அமாவாசையன்று எங்கள் வீட்டில் சைவம். “மறுநாள்னா வரேன்” என்று அத்தை சொன்னதால் மறுநாளே போனோம். நிலா அன்றும் கண்ணில் படவில்லை.

எட்டுப் பேர், முழுப் படகையும் வாடகைக்கு எடுத்திருந்தோம். ஏறும் முன்பே வாந்தி மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள். அலை ஆட்டத் தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை. மிதவைச் சட்டை ஆளுக்கொன்று இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். குறைந்தால் ஏறவே வேண்டாம்.

சண்டாட் பார்ப்பதற்கு இறால் பொம்மை மாதிரி இருக்கும். வால் பக்கத்தில் ஊசிமுட்கள் குடைக்கம்பிகள்போல் விரிந்து மேல்நோக்கி வளைந்திருக்கும். மீன் தூண்டிலில் உள்ள எதிர்முள் இதில் கிடையாது. கணவாய் இதை விழுங்குவதும் இல்லை. தன் நீண்ட இரண்டு கைகளால் எட்டிப் பிடிக்கும், அப்போது முள்ளில் மாட்டிக்கொள்ளும். கயிறு ஒரு நொடி தளர்ந்தாலும் கழன்று போய்விடும். புதிதாகப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இது ஒன்றுதான்.

ஈயக்குண்டு அடியில் தட்டும்வரை கயிற்றை விடுங்கள். ஒன்றிரண்டு முழம் தூக்குங்கள். பிறகு மெல்ல மேலே இழுத்து, மெல்ல இறங்க விடுங்கள். இறங்கும்போதுதான் அது பெரும்பாலும் பிடிக்கும். மீன்போல வெடுக்கென்று இழுக்காது. தண்ணீருக்குள் ஈரத்துணி சிக்கியதுபோல் கனம் கூடும், அவ்வளவே.

தம்பி புதுத் தூண்டில்கோலோடு வந்திருந்தான். கனம் தெரிந்ததும் மீனுக்கு வெட்டுவதுபோல் வெட்டி இழுத்தான். முதல் ஒரு மணி நேரத்தில் நான்கு கழன்றன. படகோட்டியை அங்கே தெக்கோங் என்பார்கள். அவர் அத்தையிடம் வெறும் கைக்கயிறு ஒன்றைக் கொடுத்து, “பெலான்-பெலான், மச்சிக்” என்றார். கோயிலுக்கு வருடக்கணக்காகப் பூத் தொடுத்த விரல்கள் அவை. நூல் தளர்வது கண்ணுக்குத் தெரியுமுன் விரலுக்குத் தெரிந்துவிடும். கை மாற்றிக் கை மாற்றி, ஒரே சீராக இழுத்தார். பத்தரைக்குள் பதினேழு.

மேலே வந்த கணவாயின் உடம்பில் செம்பழுப்புப் புள்ளிகள் விரிந்து விரிந்து சுருங்கும். அதை ரசிக்கக் குனிந்தால் முகத்தில் மை அடிக்கும். கடல் பக்கமாகவே பிடித்திருந்து, அது பீய்ச்சி முடித்த பிறகு உள்ளே கொண்டு வாருங்கள். வெள்ளைச் சட்டை வேண்டவே வேண்டாம்.

நள்ளிரவில் தெக்கோங் மெகி கொதிக்க வைத்தார். அதில் போட அறுத்த ஐந்து கணவாய்களில் மூன்றின் வயிற்றில் முட்டை. கரைப்பக்கம் அவை வருவதே முட்டையிடத்தானாம். கணவாய்க்கு ஆயுள் ஏறக்குறைய ஒரு வருடம். முட்டையிட்டதும் செத்துப் போகும். அத்தை மெகியைச் சாப்பிட்டு முடித்து, கையைக் கழுவிக்கொண்டு, தன் கயிற்றைச் சுற்றத் தொடங்கினார்.

“ரெண்டு பெட்டி ரொம்பிருச்சு. போதும்டா.”

“அத்தை, மூணு மணி வரைக்கும் படகு நம்மளோடது. குடுத்த காசு?”

“காசு படகுக்குத்தானே குடுத்த?”

தம்பிக்குக் கோபம். மூன்றாவது பெட்டி அவன் அலுவலக நண்பர்களுக்காம். கணவாய்க் குவியலுக்குப் பின்னால் நின்று எடுக்கும் படத்துக்காகவும்தான் என்று எனக்குத் தோன்றியது. இந்தப் பயணங்களில் நாம் வாடகையைக் கணவாயாகத் திருப்பி எடுக்கப் பார்க்கிறோம். நான் அத்தை பக்கம். வாக்கெடுப்பில் ஐந்துக்கு மூன்று. தெக்கோங் தோளைக் குலுக்கிவிட்டு நங்கூரத்தைத் தூக்கினார்.

பிடித்ததைப் பையில் கட்டி ஐஸ்மேல் வையுங்கள். உருகிய தண்ணீரில் ஊறினால் ருசி போய்விடும். காலையில் ஊர் திரும்பும் முன் கெத்துப்பாட் சோத்தோங் சாப்பிடத் தவறாதீர்கள். கணவாய்க்குள் புளுட் அரிசியை அடைத்துத் தேங்காய்ப்பாலில் வேகவைத்தது, கொஞ்சம் தித்திக்கும்.

இரண்டு பெட்டியையும் பங்கு வைத்ததில் வீட்டுக்கு வீடு மூன்று முறை சம்பால் வைக்க வந்தது. தம்பி தன் பங்கில் பாதியை அலுவலகத்துக்கு எடுத்துப் போனான்.