மோட்டாரின் மூச்சு

செண்பகனூர் ஏற்றத்தில் நமது பழைய மோட்டார் பெருமூச்சு விடுவதைச் சகிக்க முடியாமல், 'ஏர் பில்டர்' என்னும் காற்று வடிகட்டியில் புதுமாதிரி ஒன்றை வாங்கிப் பொருத்தினோம். மகளின் கல்லூரிச் சம்பளத்துக்கு வைத்திருந்த பணம் அது. வண்டி சிங்கம்போல் கர்ஜித்தது. வேகமும் கூடிவிட்டதென்று பூரித்துப் போனோம்.

"சப்தந்தான் கூடியிருக்கிறது" என்றாள் இல்லாள்.

பௌதிகம் போதிக்கும் நமக்கு ரோஷம் வந்துவிட்டது. பழையதையும் புதியதையும் மாற்றி மாற்றிப் பொருத்தி, பெருமாள்மலையிலிருந்து வீடுவரை கடிகாரம் வைத்து ஏறிப் பார்த்தோம். வித்தியாசமே இல்லை!

யோசித்தால் இதில் ஆச்சரியமில்லை. 6,000 அடிக்கு மேல் காற்றின் அழுத்தமே ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இல்லாத காற்றை எந்த வடிகட்டி கொண்டுவந்து தரும்? சுத்தமாயிருக்கும் பழைய வடிகட்டி காற்றைத் தடுப்பதோ மிகச் சொற்பம். திறந்த வடிகட்டி எஞ்சினருகே உள்ள உஷ்ணக் காற்றை இழுக்குமானால் சக்தி குறையவுங்கூடும். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆராய்ச்சிக்கூடம் 2009-ல் சோதித்தபோது, அடைபட்ட வடிகட்டியை மாற்றியதால் இக்காலக் கார்கள் விரைவாக வேகம் பிடித்தன. ஆனால் பெட்ரோல் மிச்சமாகவில்லை.

ஆகவே நேயர்களே, அழுக்கேறிய வடிகட்டியை மாற்றுங்கள். அதற்குமேல் ஆசைப்பட வேண்டாம். கல்லூரிச் சம்பளத்தைக் கடன் வாங்கிக் கட்டினோம். சோதனையின் முடிவை மட்டும் வீட்டில் இன்னும் சொல்லவில்லை, நீங்களும் சொல்லாதிருப்பீர்களாக!