புதுப்பித்தலும் இழத்தலும்

பழகிய வீட்டில் விளக்கின்றியும் நடக்கலாம். திண்ணை எங்கே முடிகின்றது, நிலைப்படி எவ்வளவு உயரமுடையது என்பனவற்றைக் கண் அறிவதினும் கால் நன்கு அறியும். நாள்தோறும் எழுதும் கருவியும் அத்தகையதே. எம் தமிழ்த்துறையின் அறையில் எட்டுக் கணினிகள் உள. 2015 ஆம் ஆண்டில் வெளிவந்த லிப்ரே ஆபீஸ் என்னும் ஆவண மென்பொருளின் 5.0 ஆம் பதிப்பு அவற்றில் நெடுங்காலம் மாற்றமின்றி இருந்துவந்தது. சிறப்புத் தமிழ் வகுப்பிற் சேர்ந்த நாள்தொட்டு யாம் எழுதிய கட்டுரைகளெல்லாம் அதன்கண் உருவாயினவே. 2025 ஆம் ஆண்டு செப்டம்பர் விடுமுறையில் அப் பழம்பதிப்பு அகற்றப்பெற்று, அவ்வாண்டு ஆகஸ்டில் வெளிவந்த 25.8 ஆம் பதிப்பு இடப்பெற்றது. ஐந்திலிருந்து இருபத்தைந்துக்குத் தாவியது கண்டு மருள வேண்டா. 7.6 ஆம் பதிப்பிற்குப் பின், 2024 ஆம் ஆண்டு முதல், ஆண்டையும் திங்களையும் கொண்டே பதிப்புக்கு எண்ணிடுகின்றனர்.

விடுமுறை கழிந்து வந்த முதல் நாள் அவ்வறையில் எழுந்த முணுமுணுப்புச் சொல்லுந்தரமன்று. பக்க அளவை அமைக்கும் இடம் வேறு பெயர் பூண்டிருந்தது. 'திருத்து' என்னும் பட்டியலில் இருந்த குறுவிரிவு வசதி 'கருவிகள்' என்னும் பட்டியலுக்குக் குடிபெயர்ந்திருந்தது. பாணிகளுக்கெனத் தனிப்பட்டியல் ஒன்று மேலே முளைத்திருந்தது. அது 2016 இல் வெளிவந்த 5.1 ஆம் பதிப்பிலேயே வந்ததென்று பின்னர் அறிந்தோம். படக்குறிகளோ நிறமும் வடிவும் மாறி நின்றன. அவை 2018 இல் 6.1 ஆம் பதிப்பில் விண்டோஸ் கணினிகளுக்கென அமைந்த கொலிப்ரே என்னும் தொகுதி. ஆண்டுக்கு இருமுறை புதுப்பதிப்பு வெளியிடுவது அம்மென்பொருளாரின் வழக்கம். பத்தாண்டில் சிறிது சிறிதாய்க் கைக்குப் பழகியிருக்க வேண்டிய மாற்றங்கள் எமக்கு ஒரே காலைப்பொழுதில் வந்துற்றன. கண்ணுக்குப் புலனாகாத மாற்றமும் ஒன்று உண்டு. எழுத்துகளை வரியில் அடுக்கும் பணி முன்னர் விண்டோஸில் ஒருவகையாகவும் பிற கணினிகளில் வேறுவகையாகவும் நடந்தது. 2017 இல் 5.3 ஆம் பதிப்பில் ஹார்ப்பஸ் என்னும் ஓர் அமைப்பே எல்லாவற்றிற்கும் பொதுவாயிற்று. கொம்பும் காலும் சுமந்து நிற்கும் எம் எழுத்துகளுக்கு இது நன்மையே.

"விலையின்றிக் கிடைத்த பொருள், குறைகூற நமக்கு என்ன உரிமை?" என்றார் வகுப்புத் தோழர் ஒருவர். இக்கூற்று எமக்கு உடன்பாடன்று. இத்தகைய மென்பொருளைத் தமிழில் கட்டற்ற மென்பொருள் என்று வழங்குவதே பொருத்தம். விலை இன்மை அதன் பண்புகளுள் ஒன்றே. எவரும் திறந்து நோக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறர்க்கு வழங்கலாம் என்பதே அதன் உயிர். மார்க்கோ பொயரீஸ் என்பார் 1985 இல் ஜெர்மனியில் தொடங்கிய நிறுவனம் ஆக்கியது ஸ்டார் ஆபீஸ். 1999 இல் அந்நிறுவனத்தைச் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வாங்கி, மறு ஆண்டில் மூலநிரலை உலகறிய வெளியிட்டது. அதிலிருந்து எழுந்தது ஓப்பன் ஆபீஸ். 2010 இல் சன் நிறுவனம் ஆரக்கிள் கைக்குச் சென்றது. அவ்வாண்டு செப்டம்பரிலேயே பணிபுரிவோர் பலர் பிரிந்து, டாக்குமெண்ட் பவுண்டேஷன் என்னும் அமைப்பை நிறுவி, லிப்ரே ஆபீஸை வளர்க்கலாயினர்.

அவர்க்குக் கிடைத்த மூலநிரலின் இடையிடையே, இன்ன பகுதி இன்ன பணி செய்யும் என்னும் குறிப்புகள் ஜெர்மன் மொழியில் இருந்தன. அவற்றை ஆங்கிலத்திற் பெயர்க்கத் தொண்டர்கள் பல்லாண்டு உழைத்தனர். உரையின்றி மூலம் விளங்காத துயரம் தமிழ்ச் சிறப்பு மாணவர்க்குப் புதிதன்று. அச்செய்தியைப் படித்தபோது அத்தொண்டரெல்லாம் எமக்கு உறவினர்போல் தோன்றினர்.

பொருள் விளங்காத பகுதியைப் பேணுவது அரிது. பேணுவாரில்லாத பகுதி நாளடைவில் வெட்டப்படும். 2013 இல் 4.0 ஆம் பதிப்பு வந்தபோது பழைய ஸ்டார் ஆபீஸ் கோப்புகளைத் திறக்கும் ஆற்றல் இவ்வாறே நீக்கப்பட்டது. அம்மென்பொருளின் தாய்வீட்டு ஏடுகளையே அது படிக்கமாட்டாதாயிற்று! சில ஆண்டுகளுக்குப் பின், அவ்வேடுகளைப் படிப்பதற்கெனத் தனியே ஒரு நிரல்தொகுதி ஆக்கப்பெற்று, இழந்த ஆற்றல் மீண்டது. விலைகொடுத்து வாங்கும் மென்பொருளில் வாங்கியவரே முனைந்து இங்ஙனம் மீட்டல் இயலாது.

எம்மை உண்மையில் வருத்திய இழப்பு இவற்றுள் ஒன்றுமன்று. அது மூன்றாம் நாளிற்றான் புலப்பட்டது. குறிஞ்சிப்பாட்டிற் கபிலர் அடுக்கிய தொண்ணூற்றொன்பது மலர்களைப் பற்றிக் கட்டுரை வரையுமாறு எம் பேராசிரியர் பணித்திருந்தார். செருந்தி என்று எழுதினோம். அடியிற் சிவப்புக் கோடு விழுந்தது. ஞாழல், பிடவம், வேரல் என்று எழுதினோம். ஒவ்வொன்றின் கீழும் அதே கோடு. பழம்பதிப்பில் இம்மலர்களுள் ஒன்றேனும் கோடு பெற்றதில்லை. அப்பொறி சங்க இலக்கியம் கற்றது போலும் என்று முதலாண்டு மாணவர் சிலர் வியந்ததுண்டு. கற்றது மெய்யே, கற்பித்தவர் எம் முன்னவர்.

சொற்பிழை காட்டுதற்குரிய தமிழ் அகராதியை இம்மென்பொருளில் ஒரு நீட்சியாகச் சேர்த்துக்கொள்ளலாம். தமிழ்ச் சொல்லோ சாரியையும் உருபும் விகுதியும் ஏற்று ஒன்று நூறாய் விரிவது. அவ்விரிவு முழுவதையும் எவ்வகராதியும் கொள்ளாது. நூல்வழக்குச் சொற்களுட் பல அதில் இல்லவே இல்லை. ஆயினும் கோடு விழுந்த சொல்லின்மீது சுட்டியின் வலப்பொத்தானை அழுத்தி, 'அகராதியிற் சேர்' என்று பணித்தால், பொறி அதனை என்றும் நினைவிற்கொள்ளும். எம் துறைக்கு ஆண்டுதோறும் வந்த மாணவர் இங்ஙனம் ஒன்றும் இரண்டுமாகச் சேர்த்துச் சென்றனர். ஒருவர் அன்மொழித்தொகையைச் சேர்த்தார். ஒருவர் கையறுநிலையைச் சேர்த்தார். மலர்களை முழுமையும் இட்டவர் எப்பொறுமைசாலியோ! எவர் பெயரும் எங்கும் எழுதப்படவில்லை.

அச்சொற்கள் மென்பொருளின் உள்ளே இருப்பன அல்ல. பயனர்க்கென ஒதுக்கிய கோப்புறையில், வேர்டுபுக் என்னும் உட்பகுதியில், 'ஸ்டாண்டர்ட் டிக்' என்னும் சிறு கோப்பில், வரிக்கு ஒரு சொல்லாக இருக்கும். பதிப்பு மாறினாலும் இக்கோப்புறை தானே அழிவதில்லை. ஆயின் அதிலுள்ள பழைய அமைப்புகள் புதுப்பதிப்போடு முரணினால், அதனை நீக்கிவிட்டு மென்பொருளைப் புதிதாகத் தொடங்கச் செய்தலே யாவரும் கூறும் முதல் மருந்து. எம் அறையிற் சில கணினிகளிற் புதுப்பதிப்புத் திறவாது நின்றது. பணிக்கு வந்தவர் அம்மருந்தையே எட்டுக்கும் இட்டார். மென்பொருள் திறந்தது. நோய் தீர்த்தவரைக் குறைகூற எமக்கு மனமில்லை. உள்ளே ஒரு சொற்கோவை இருக்கின்றதென்று அவரிடம் உரைப்பார் எவரும் அன்று அங்கில்லை.

அக்கோப்புறையோடு குறுவிரிவுகளும் சென்றன. 'புற' என்று எழுதி எஃப் 3 விசையை அழுத்தினால், "புறநானூறு, உ. வே. சாமிநாதையர் பதிப்பு, 1894" என்று வரி நிரம்பும்படி எவரோ அமைத்திருந்தார். இப்போது அவ்விசையை அழுத்தினால் ஒன்றும் நிகழ்வதில்லை. எம் விரல் இன்னும் அதனை நம்பி அழுத்துகின்றது.

ஒவ்வொரு பதிப்புடனும் வெளியாகும் குறிப்பேட்டில் ஆக்கியோர் சேர்த்தன, மாற்றின, நீக்கின எல்லாம் எழுதப்படும். இடம் மாறிய பட்டியலை அதிற் கண்டு தெளியலாம். இருவாரத்தில் கையும் கற்றுக்கொள்ளும். பயன்படுத்துவோர் தாமே சேர்த்து வைத்தவற்றின் இழப்போ எக்குறிப்பேட்டிலும் ஏறாது. தமிழ்நாட்டில் 1978 இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்து, ணை, லை, றா முதலிய பதின்மூன்று எழுத்துகளின் பழைய வடிவங்கள் அச்சினின்று நீங்கின. இருப்பினும் அவ்வடிவங்களைத் தாங்கிய நூல்கள் நூலகத்திலேயே இருந்தன. இன்றும் நூலகத்திற் பழந்தொகுதிகளைப் புரட்டுவோர், துதிக்கைபோல் வளைந்த ஐகாரத்தைக் கண்டு முறுவலித்து மேலே படிக்கின்றனர். வடிவம் மாறுதல் ஒன்று. வைத்த பொருள் போதல் வேறொன்று.

பௌதிக வகுப்பு நண்பர் ஒருவர், "பழம்பதிப்பையே மீண்டும் இட்டுக்கொள்ளுங்கள், இதுவரை வந்தனவெல்லாம் அவர்கள் சேமக்களஞ்சியத்தில் இருக்கின்றன" என்றார். இருப்பது மெய்யே. ஆனால் ஒவ்வொரு பதிப்பிற்கும் பிழைதிருத்தம் வருவது ஓராண்டுக்கும் குறைந்த காலமே; அதன்பின் புகும் கேடுகளுக்குக் காவலில்லை. மேலும் களஞ்சியத்திலுள்ள 5.0 ஆம் பதிப்புக்குச் செருந்தி தெரியாது.

அக்டோபர் இறுதியில், நூலகத்தின் பின்னறையிற் பழுதென்று ஒதுக்கிய ஒன்பதாவது கணினி ஒன்று எம் கண்ணிற்பட்டது. துறை உதவியாளர் ஐயா அதன் வன்தட்டைக் கழற்றி வேறொன்றிற் பொருத்தித் தந்தார். கோப்புறை இருந்தது, அதனுள் 312 சொற்கள். எட்டுக் கணினிகளுக்கும் தனித்தனிக் கோவை இருந்தமையின், இஃது ஒன்பதில் ஒரு பங்கே. மலர்களுள் நாற்பத்தொன்று இருந்தன. செருந்தி இருந்தது, ஞாழல் இல்லை. ஊழ்வினை, வஞ்சினம், நடுகல் என்பனவற்றோடு, விடுதிச் சமையலறைக்கு விண்ணப்பம் எழுதியவர் சேர்த்த 'ரசவண்டல்' என்னும் சொல்லும் இருந்தது. 'முயற்ச்சி' என்றும் 'சில்லரை' என்றும் பிழையாகச் சேர்த்தனவும் இருந்தன; எத்துணை ஆண்டு, எத்துணைப் பேர் தேர்வுக் கட்டுரைகளில் அப்பொறி அவற்றைச் சரியென்று விட்டதோ! அவ்விரண்டையும் உடனே களைந்தோம். ரசவண்டலை வைத்துக்கொண்டோம்.

அக்கோப்பை இப்போது எட்டுக் கணினிகளிலும் இட்டு, பிரதியொன்றைத் துறை அலுவலகத்திலும் வைத்துள்ளோம். 5.3 ஆம் பதிப்பு முதல் பாதுகாப்பு முறையில் தொடங்கும் வசதியொன்று உண்டு. அதன்வழிக் கோப்புறை முழுவதையும் கட்டி வைத்துக்கொள்ளவும் இயலும் என்பதை அடுத்து வரும் பணியாளர்க்கு எழுதி, அறைக் கதவில் ஒட்டியிருக்கின்றோம். இதனைப் படிக்கும் பழைய மாணவர் எவரேனும், துறைக் கணினியிலிருந்து தம் கட்டுரைகளோடு இக்கோப்புறையையும் தம் கணினிக்கு எடுத்துச் சென்றிருக்கலாம். வேர்டுபுக் என்னும் உட்பகுதியிலுள்ள அச்சிறு கோப்பை மட்டும் துறைக்கு அனுப்பினால் போதும். பிழையான சொற்கள் இருப்பினும் தாழ்வில்லை. களைந்தெடுக்க முதலாண்டு வகுப்பிற் பதினால்வர் ஒருப்பட்டிருக்கின்றனர்.