மூன்றில் ஒரு பங்கு

பழைய கால்குலேட்டர்களைத் தேடிச் சேர்த்து, அவற்றைத் திறந்து உள்ளுறுப்புகளை ஆராயும் பழக்கம் நமக்குண்டு. அரபு இலக்கணம் போதிப்பவருக்குப் பழைய சாமான் வியாபாரியின் வேலை எதற்கு என நண்பர்கள் நகைப்பர். இப்பழக்கம் நம் வீட்டுப் பாகப்பிரிவினை ஒன்றில் தொடங்கியது.

1994ஆம் ஆண்டு வாப்பா மறைந்தபின், உம்மாவுக்குரிய எட்டில் ஒரு பங்கு போக எஞ்சியதை ஆண்மக்கள் மூவருக்கும் பிரிக்க அமர்ந்தோம். மூத்த காக்கா, தாம் 1978இல் சிங்கப்பூரிலிருந்து கொணர்ந்த எட்டிலக்கக் கருவியை எடுத்து ஒன்றை மூன்றால் வகுத்தார். 0.3333333 எனப் பச்சையாய் ஒளிர்ந்தது. அதை மீண்டும் மூன்றால் பெருக்கினார். ஒன்று திரும்பவில்லை, 0.9999999தான் வந்தது.

"மீதியை யார் எடுத்தது, தம்பி?" என்று சிரித்தார். நாம் தாளில் பின்னமாகவே எழுதிவந்த கணக்கிலோ குறைவேதும் இல்லை.

அந்த மீதியைத் தேடியே கருவியைத் திறந்தோம். செப்புத் தடங்கள் ஓடும் ஒரு பலகை. அதன் நடுவே ஒரேயொரு சில்லு. எட்டு இலக்கங்களுக்கே அதில் இடம். அதற்கு மேல் வருவதை அது விட்டுவிடுகிறது. அது பொய் சொல்லவில்லை. தன் எல்லையோடு நின்றுகொள்கிறது. எல்லையை அறியாமல் நம்பியவர்கள் நாமே அன்றோ!

அச்சிறு சில்லுக்குப் பின்னால் பெரும் உழைப்பு உண்டு. 1957இல் ஜப்பானின் கேசியோ நிறுவனம் வெளியிட்ட 14-ஏ, 342 ரிலேக்களுடன் ஒரு மேசையளவு இருந்தது. 1964இல் ஷார்ப் நிறுவனம் டிரான்சிஸ்டர்களால் ஆக்கிய கருவி 25 கிலோ எடையுடையது. 1971இலோ பிசிகாம் நிறுவனத்தின் கைக்கருவியில் கணக்கு முழுவதும் ஒரே சில்லுக்குள் அடங்கிற்று. இன்றைய கணினிகளுக்கு முன்னோடியான இன்டெல் 4004 சில்லும், 2,300 டிரான்சிஸ்டர்களோடு, அதே நிறுவனத்தின் மேசைக் கருவி ஒன்றுக்காகவே உருவாயிற்று.

காக்கா மறைந்தபின் அவருடைய கருவியைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துப் பூட்டினோம். பேட்டரிக் கட்டைகளை அகற்ற மறந்தோம். சில ஆண்டுகள் கழித்துத் திறந்தபோது, கசிந்த திராவகம் செப்புத் தடங்களை அரித்திருந்தது. பேணுவதாக எண்ணிப் பாழாக்கியவர் நாமே. அன்று நெஞ்சில் எழுந்த வேதனையை எழுத்தில் வடிக்க இயலாது.

வானொலி பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவர் துருவைச் சுரண்டி, அறுந்த தடங்களை மெல்லிய கம்பிகளால் இணைத்துத் தந்தார். அதன்பின் எந்தக் கருவி நம் கைக்கு வந்தாலும், முதல் வேலையாகக் கட்டைகளை எடுத்துவிடுகிறோம்.

வீடு வந்ததும் ஒன்றை மூன்றால் வகுத்து, மூன்றால் பெருக்கிப் பார்த்தோம். 0.9999999.

அக்குறை அப்படியே இருந்தது. அதைக் கண்டு நாம் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை.