உறங்குமுன் அணைக்க வேண்டிய நெருப்பு



வார இறுதிகளில் என் வீட்டுக் கூடத்தில் ஓதவரும் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் நான் கற்றுக்கொடுக்கும் ஹதீஸ்களுள் ஒன்று, அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் அறிவித்தது. புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இடம்பெற்றிருக்கிறது. மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு அதில் இருந்தவர்களோடு எரிந்துபோயிற்று. அச்செய்தி எட்டியபோது நபி (ஸல்) அவர்கள், நெருப்பு உங்களுக்குப் பகை என்றும் உறங்கச் செல்லும்போது அதனை அணைத்துவிடுங்கள் என்றும் அறிவுறுத்தினார்கள். சென்ற ஆண்டு ஒரு சிறுவன், "உஸ்தாதா, இப்பதான் யார் வீட்லயும் நெருப்பே இல்லையே?" என்று கேட்டான். அடுப்பு, மெழுகுவத்தி என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அவனுக்குப் பின்னால், நான் சாய்ந்து உட்காரும் சுவரிலேயே கணப்பு இருந்தது. அது அப்போது என் நினைவுக்கு வரவில்லை.

நாங்கள் இருப்பது கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், பீட்டர்பரோ நகருக்கு வெளியே ஒரு கிராமச் சாலையில். இங்கே எரிவாயுக் குழாய் வருவதில்லை. சுவரோரம் அடிமட்டத்தில் பதித்த மின்சூடேற்றிகளே வீட்டைச் சூடாக்குகின்றன. முன்பு குடியிருந்தவர்கள் விட்டுச்சென்ற செங்கல் கணப்பு ஒன்று கூடத்தில் உண்டு. சிறியது, ஆழம் குறைந்தது. காயல்பட்டினத்திலிருந்து வந்து எங்களோடு இருக்கும் உம்மாவுக்கு அதில் விறகு எரிவதைப் பார்த்துக்கொண்டே தஸ்பீஹ் ஓதுவதில் தனி விருப்பம். ஆனால் காற்று திசை மாறினால் புகை கூடத்துக்குள் திரும்பும். உம்மாவுக்கோ இழுப்பு நோய். ஆகவே பெரும்பாலான நாட்கள் அது வெறும் சுவர் அலங்காரமாகவே இருந்தது.

2025 மார்ச் இறுதியில் வந்த பனிமழைப் புயலை இப்பகுதியில் இருப்பவர்கள் மறக்கமாட்டார்கள். மழையாக விழுந்த நீர் கிளைகளிலும் கம்பிகளிலும் கண்ணாடியாக உறைந்தது. பாரம் தாங்காத மரங்கள் இரவெல்லாம் முறிந்து விழும் ஓசை கேட்டுக்கொண்டே இருந்தது. பீட்டர்பரோ, ஒரில்லியா சுற்றுவட்டாரங்களில் பல வீடுகளுக்கு நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை, மார்ச் 30 அன்று விடியற்காலை நின்றது. மறுநாள் எங்களுக்குப் பெருநாள். நோன்பு திறந்தபோது கூடத்தில் 11 பாகை செல்சியஸ். கணப்பை மூட்டி, எல்லோரும் அதன் முன் மெத்தைகளை விரித்துக்கொண்டோம்.

இரவு 11 மணிக்கு விறகு தணலாகிவிட்டது. சுவாலையும் இல்லை, புகையும் இல்லை. புகைபோக்கியின் தொண்டையில் அதனைத் திறக்கவும் மூடவும் ஓர் இரும்புத் தகடு இருக்கும். அது திறந்திருந்தால் அறையின் சூடெல்லாம் மேலே போய்விடுமே என்று, "என்னங்க, அதைக் கொஞ்சம் சாத்திவிடுங்களேன்" என்று கணவரிடம் சொன்னவள் நான்தான். அவரும் சாத்தினார். பத்திரமாகத்தான் இருக்கிறது என்று எண்ணியே படுத்தோம்.

இரண்டு மணி கடந்து பத்து நிமிடம் இருக்கும், மேல்மாடி நடையில் பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி அலறியது. முதலில் எழுந்தவள் என் மகள். எனக்குத் தலை கல்லாகக் கனத்தது. உம்மா கண்ணைத் திறந்தார்கள், ஆனால் எழவில்லை. இருவரும் தாங்கி அவர்களை வெளியே காருக்குக் கொண்டுபோனோம். தீயணைப்பு வீரர்கள் வந்து அளந்து பார்த்து, வீட்டைத் திறந்துபோட்டு, எங்களுக்கு ஆக்சிஜன் கொடுத்தார்கள். சுவாலை இல்லாத தணல்தான் இந்த வாயுவைப் பெருமளவில் உமிழும் என்பதையும், நிறமும் மணமும் அதற்கு இல்லை என்பதையும், தணல் முழுவதும் ஆறும்வரை தகட்டை மூடவே கூடாது என்பதையும் அவர்களில் ஒருவர் நிதானமாக விளக்கினார். கடிந்துகொள்ளவில்லை. கடிந்துகொண்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அந்த ஹதீஸை எத்தனை ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறேன்!

பெருநாள் கழிந்த பிறகு கணப்பை நிரந்தரமாக அடைத்துவிடலாம் என்றேன். உம்மாவுக்கு மனம் இல்லை. மின்கட்டணமும் சும்மா இருக்கவில்லை. கோடை முழுவதும் விசாரித்து, கணப்புக்குள்ளேயே பொருந்தும் பெல்லட் அடுப்பு ஒன்றை வாங்குவது என்று முடிவாயிற்று. இதே நிலையில் இருக்கும் குடும்பங்களுக்குப் பயன்படலாம் என்பதால் நாங்கள் பார்த்தவற்றைச் சொல்கிறேன்.

பெல்லட் என்பது மர அறுவை ஆலைகளின் தூளை அழுத்திச் செய்த, சுமார் 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள சிறு உருளை. கோழித்தீவனம் போல் இருக்கும். 40 பவுண்டு, அதாவது 18 கிலோ மூட்டைகளில் வருகிறது. அடுப்பின் பெட்டியில் கொட்டினால், ஒரு திருகு தண்டு கொஞ்சம் கொஞ்சமாக எரிகலத்தில் தள்ளும். ஒரு விசிறி எரிவதற்குக் காற்றை ஊட்டிப் புகையை வெளியேற்றும். இன்னொன்று சூட்டை அறைக்குள் வீசும். புகை அறைக்கு வராதபடி கதவு இறுக மூடியிருக்கும். விறகைவிட இதன் புகைத்துகள் மிகக் குறைவு. உம்மாவின் மார்புக்காக நாங்கள் முதலில் பார்த்தது இதைத்தான்.

கடைக்காரர் 50,000 பிடியு திறனுள்ள பெரிய அடுப்பைக் காட்டினார். எங்கள் கணப்பின் வாய் 30 அங்குல அகலம்; பின்பக்கம் குறுகி 22 ஆகிவிடும்; ஆழம் 16 அங்குலந்தான். முன்பக்க அகலத்தை மட்டும் அளந்துகொண்டு கடைக்குப் போவோர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். பின்சுவரின் அகலம், உள் உயரம், ஆழம், முன்னே தரையில் தீப்பற்றாத கல் எவ்வளவு நீண்டிருக்கிறது, மேலே மரப்பலகை எத்தனை அங்குலத்தில் இருக்கிறது என எல்லாவற்றையும் குறித்துப்போக வேண்டும். பெரிய அடுப்பு பொருந்தியிருந்தாலும் எங்கள் கூடத்துக்கு அது கேடுதான். சிறு அறையில் பெரிய அடுப்பு எப்போதும் குறைந்த தீயிலேயே கிடந்து, கண்ணாடி கறுத்து, சாம்பல் மண்டும். 28,000 பிடியு அளவில் சிறியதொன்றைத் தேர்ந்தோம். முன்னே கல்தரை போதாமையால் அதனை நீட்டி, ஓதும் பாயைச் சுவரின் மறுபுறம் மாற்றினோம். கண்ணாடி கொதிக்கும் என்பதால் பிள்ளைகளுக்காக ஒரு கம்பித் தடுப்பும் வந்தது.

ஓசையைப் பற்றி எந்த விளம்பரமும் சொல்வதில்லை. விசிறி இரண்டும் திருகு தண்டும் ஓடும் பொருள் மௌனமாக இராது. எனக்கோ பிள்ளைகளின் வாயிலிருந்து ஹாவும் ஹேயும் வேறுபட்டுக் கேட்க வேண்டும். கடையில் ஓடிக்கொண்டிருந்த ஒவ்வோர் அடுப்பின் முன்னும் மகளை நிறுத்தி சூரத்துல் ஃபாத்திஹா ஓதச் சொல்லி எட்டடி தள்ளி நின்று கேட்டேன். கடைக்காரர் என்ன நினைத்தாரோ! ஆனால் அந்தச் சோதனையில் இரண்டு அடுப்புகள் விலக்கப்பட்டன.

பழைய புகைபோக்கியை அப்படியே பயன்படுத்தக் கூடாது. முதலில் அதில் படிந்த கரிப்பிசினைத் துடைக்க வேண்டும். பிறகு அடுப்பிலிருந்து உச்சிவரை 4 அங்குலத் துருப்பிடிக்காத எஃகுக் குழாய் ஒன்றை இறக்க வேண்டும். அந்த இரும்புத் தகட்டைக் கழற்றி எறிந்தார்கள். எறிவதை நின்று பார்த்தேன். காப்பீட்டு நிறுவனம் தகுதிச்சான்று பெற்ற ஆய்வாளரின் அறிக்கையைக் கேட்டது. நகராட்சி அனுமதியும் வேண்டியிருந்தது. இவற்றைத் தவிர்த்தால் பணம் மிச்சமாகும் என்று சொன்ன நண்பர்களும் உண்டு. அவர்களுக்கு நன்றி.

இனிச் சிக்கல். புயலில் மின்சாரம் நின்றதால் தொடங்கிய கதை இது. ஆனால் பெல்லட் அடுப்பு மின்சாரம் இன்றி இயங்காது! அதைவிட மோசம், எரிந்துகொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் புகையை இழுக்கும் விசிறியும் நின்றுவிடும். எரிகலத்தில் மிச்சமிருப்பது புகையத் தொடங்கும். விறகு அடுப்புக்கு இந்தக் குறை இல்லை. கணவர் இரண்டு வாரம் விறகு அடுப்பின் பக்கமே நின்றார். ஊரில் மின்வெட்டுக் காலத்தில் வீட்டுக்கு வீடு வந்த இன்வெர்ட்டர்தான் கடைசியில் வழி காட்டியது. இந்த அடுப்பு தீமூட்டும் சில நிமிடங்களில் 300, 400 வாட் இழுக்கும். பிறகு 100 வாட் சொச்சம் போதும். தூய சைன் அலை இன்வெர்ட்டரும் 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியும் எங்களுக்கு எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் தாங்குகின்றன. மின்சாரம் நின்ற கணமே பேட்டரிக்கு மாறிவிடும். நான்கு நாள் புயலுக்கு இது விடை அல்ல. அப்போது நகரத்தில் உறவினர் வீடுதான். வெப்பப் பம்பு வைத்தால் இன்னும் சிக்கனம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்கள் சிறு பேட்டரி அதனை இழுக்காது.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். குளிர் கடுமையான நாளில் ஒரு மூட்டை செலவாகிறது. எங்களுக்கு அது எட்டு டாலருக்குச் சற்று மேல். அதே சூட்டை மின்சாரத்தில் பெற்றால் சராசரியாகப் பத்து டாலர் ஆகலாம். மிச்சம் பெரிதல்ல, அடுப்பின் விலையை அது ஈடுகட்டப் பல குளிர்காலம் வேண்டும். ஆனால் 2023 முதல் இங்கே ஒரு கட்டணமுறை இருக்கிறது. இரவு 11 முதல் காலை 7 வரை மின்சாரம் மிக மலிவு. வார நாட்களில் மாலை 4 முதல் 9 வரை அதைப்போல் ஏறத்தாழப் பத்து மடங்கு. மாலையில் அடுப்பும் இரவில் மின்சாரமும் என்று பிரித்துக்கொண்டால் கணக்கு மாறிவிடுகிறது.

எனினும் இரவு பற்றிய முடிவைக் கட்டணம் எடுக்கவில்லை. இந்த அடுப்பின் பெருமையாக எல்லோரும் சொல்வது, இரவு முழுவதும் ஆள் பார்க்காமல் தானாக எரியும் என்பதே. உறங்கும்போது அணையுங்கள் என்று கற்பிப்பவள் உறங்கும்போது எரிவதற்காகவே ஒன்றை வாங்குவதா? நூல்களைப் புரட்டினேன். இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ஸஹீஹ் முஸ்லிமின் விரிவுரையில் இதைப் பேசுகிறார்கள். விளக்கின் திரியை எலி இழுத்துச்சென்று வீட்டை எரித்துவிடலாம் என்று வேறோர் அறிவிப்பில் காரணம் சொல்லப்பட்டிருக்கிறது. ஆகவே பள்ளிவாசல்களில் உயரத் தொங்கும் விளக்குகள் போன்றவற்றில் தீப்பற்றும் அச்சம் இருந்தால் அவையும் அக்கட்டளையில் அடங்கும். வழக்கம்போல் அச்சம் இல்லையெனில், காரணம் நீங்கிவிட்டதால் குற்றம் இல்லை. இறுக மூடிய கதவு, எஃகுக் குழாய், தானே நின்றுவிடும் பாதுகாப்பு விசைகள்! எனக்கு நிம்மதியாயிற்று. உம்மாவிடம் மகிழ்ச்சியோடு எடுத்துச் சொன்னேன்.

உம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அந்தப் பெரியவங்க சொன்னது சரியாத்தான்மா இருக்கும். ஆனா அச்சம் இல்லைன்னு யார் சொல்றது? அன்னைக்கும் பயம் இல்லைன்னு நெனச்சுதானே படுத்தோம்?" என்றார்கள்.

எனக்கு மறுமொழி இல்லை. விரிவுரையில் நான் படித்தது சட்டம். அது பொருந்தும் நிலை எங்கள் வீட்டில் இருக்கிறதா என்பதை நான் அல்லவா சொல்ல வேண்டும்? அந்த இரவில் தகட்டைச் சாத்தச் சொன்னபோதும் எனக்குச் சிறிதும் ஐயம் இருக்கவில்லை. இந்த அடுப்பை இரவில் எரிப்பவர்களைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. அவர்களுக்கு ஆதாரம் உண்டு. என் வீட்டில் என் உறுதியை நான் நம்புவதில்லை, அவ்வளவே.

இப்போது இஷாவுக்குப் பிறகு பத்தரை மணிக்கு அணைக்கும் பொத்தானை அழுத்துகிறோம். எரிகலத்தில் இருப்பது எரிந்து தீர்ந்து, விசிறி தானாக நிற்க அரைமணி நேரம் ஆகும். அதுவரை யாராவது ஒருவர் விழித்திருப்போம். பெரும்பாலும் மகள், பள்ளிப்பாடத்தோடு. வாரம் ஒருமுறை கணவர் சாம்பலை அள்ளி, மூடியுள்ள தகரவாளியில் வெளியே கல்லின் மேல் வைக்கிறார். ஆறிய சாம்பலுக்குள் தணல் நாட்கணக்கில் உயிரோடு இருக்கும். எச்சரிக்கைக் கருவிகள் இப்போது மூன்று, ஒன்று கூடத்திலேயே.

அடுப்பைக் குறித்த நேரத்தில் தானே எரிய வைக்கும் வசதியும் இருக்கிறது. நாங்கள் அதை அமைக்கவில்லை. தஹஜ்ஜுதுக்கு உம்மா நான்கரைக்கே எழுந்துவிடுவார்கள். குல்லாவும் இரண்டு சால்வையுமாகக் கூடத்துக்கு வந்து, மூக்குக்கண்ணாடியைத் தேடி, பிஸ்மில்லாஹ் சொல்லிப் பொத்தானை அழுத்துவார்கள். பெல்லட்டுகள் எரிகலத்தில் விழும் டக், டக் ஓசை மாடிவரை கேட்கும். சென்ற வாரம் அவர்கள் அழுத்தியும் எரியவில்லை. பெட்டி காலி. இரவு நிரப்ப வேண்டியவள் நான். "மூட்டையைத் தூக்க என்னால முடியாது, எந்திரிச்சு வா" என்று படிக்கட்டின் கீழிருந்து கூப்பிட்டார்கள். போய் நிரப்பினேன்.