முழங்கால் வலி என்ற பரம்பரைச் சொத்து



பி.காம் படிக்கிற பெண்ணுக்கு முழங்காலைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்காதீர்கள். எங்கள் வீட்டின் பரம்பரைச் சொத்தே அதுதான் :-)

அம்மாச்சிக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துபோய், கடைசிப் பத்து வருடம் கட்டிலும் திண்ணையும்தான் உலகம். அம்மாவுக்கு 47 வயதில் வலி ஆரம்பித்தது. மொட்டை மாடியில் வடகம் காயப் போடுவதையே விட்டுவிட்டார். "நம்ம வம்சத்துக்கே உள்ளதுடி, உனக்கும் வரும் பாரு" என்று ஒருநாள் சொன்னார். சிரித்துவிட்டேன். ஆனால் அன்று இரவு தூக்கம் வரவில்லை. என் எடை அப்போது 71 கிலோ!

சரி, விஷயத்துக்கு வருவோம். அம்மா சொன்னது பாதி உண்மை. 1996-ல் பிரிட்டனில் இரட்டைச் சகோதரிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. கை, முழங்கால் மூட்டுத் தேய்மானம் ஒருவருக்கு வந்து இன்னொருவருக்கு வராமல் போவதில் 39 முதல் 65 சதவீதம் வரை மரபின் பங்கு என்று அதில் தெரிந்தது. இதற்கு ஒரே ஒரு மரபணு காரணமில்லை. பல மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சமாகச் சேர்ந்து செய்கிற வேலை இது.

மீதிப் பாதி? எடை, பழைய அடி, தசை பலம், செய்யும் வேலை. நம் எடையில் 1 கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடி வைக்கும்போதும் முழங்காலுக்குச் சுமார் 4 கிலோ பாரம் குறைகிறது. அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாமில் நடந்து 1992-ல் வெளியான ஆய்வில், பத்து வருடத்தில் சுமார் 5 கிலோ குறைத்த பெண்களுக்கு முழங்கால் தேய்மானம் வரும் வாய்ப்பு பாதிக்கு மேல் குறைந்திருந்தது.

என்னை உறுத்திய விஷயம் வேறு. மூட்டில் இருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாயே கிடையாது. நடக்கும்போது ஸ்பாஞ்சு மாதிரி அமுங்கி விரிந்துதான், மூட்டுத் திரவத்திலிருந்து சத்தை எடுத்துக்கொள்கிறது. நாங்களோ "அம்மாச்சி, நீங்க எந்திரிக்காதீங்க" என்று தண்ணீர்ச் சொம்பைக்கூடக் கையில் கொண்டுபோய்க் கொடுத்தோம். பாசம் என்று நினைத்துத்தான் செய்தோம்.

இப்போது நானும் அம்மாவும் காலையில் அரை மணி நேரம் நடக்கிறோம். பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்தபடி நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும்வரை வைத்து இறக்குகிறோம். ஒரு காலுக்குப் பத்து முறை. தொடைத் தசை பலமானால் மூட்டுக்குப் பாரம் குறையும். அரிவாள்மனை பரணுக்குப் போய்விட்டது, மேஜையில்தான் காய் நறுக்குகிறோம். நான் சாயங்கால போண்டாவை நிறுத்தி 3 கிலோ இறங்கியிருக்கிறேன். மூட்டு வீங்கிச் சிவந்து சூடாக இருந்தால் மட்டும் கைவைத்தியம் பார்க்காமல் டாக்டரிடம் போய்விடுங்கள்.

அக்கவுண்ட்ஸில் ஓப்பனிங் பேலன்ஸ் நம் கையில் இல்லை. அதற்குப் பிறகு எழுதும் வரவு செலவு நம்முடையதுதானே?

உங்கள் வீட்டுப் பாட்டி வலி என்று உட்கார்ந்தே இருந்தால், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, கை கொடுத்து நாலு அடி நடக்க வையுங்கள். எங்கள் அம்மாச்சிக்கு அதை நாங்கள் செய்யவில்லை.

நேற்று அம்மா மாடிக்குப் போய் வடகம் பிழிந்தார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகத்தான் ஏறினார்.