மாப்ளையின் துப்பாக்கியும் அப்பாவின் காதும்

ஞாயித்துக்கிழமை மத்தியானம். வஞ்சிரம் வறுவல் சாப்பிட்டுட்டு அப்பதான் கண்ணை மூடினேன். பிரான்சுலேர்ந்து தங்கச்சி வீட்டுக்காரர் போன்.

"மச்சான், நீங்க லேத் பட்டறைக்காரர். துப்பாக்கிக் குழல் வாயில மரை வெட்டி மஸில் பிரேக் மாட்டலாம்னு இருக்கேன். குழல் கெட்டுப் போயிடுமா?"

உப்பளத்துல அரைத் தூக்கத்துல இருக்கறவன்கிட்ட கேக்குற கேள்வியா இது :-)

வெளியூர் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. பிரெஞ்சு ராணுவத்துல வேலை பார்த்தவங்களை எங்க ஊர்ல 'சொல்தா'ம்பாங்க. எங்க அப்பாவும் சொல்தாதான். மாப்ளை பிரான்சுலயே பொறந்து வளர்ந்தவர், காட்டுப்பன்னி வேட்டைக்கு லைசன்ஸ் எடுத்தவர். நம்ம நாட்டுல 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோட வேட்டைக்கு மூடுவிழா நடத்தியாச்சு. அங்க பன்னி பெருகி வயலை நாசம் பண்ணுதுன்னு, வரிசையா ஆளை நிறுத்தி, நாயை விட்டு விரட்டிச் சுடுறாங்க. அது சரியா தப்பாங்குற சண்டையை இன்னொரு நாள் வெச்சுக்கலாம்.

நான் வாழ்க்கையில சுட்டது என்.சி.சி.யில .22 மட்டும். மாப்ளை வெச்சிருக்கறது .300 வின்செஸ்டர் மேக்னம். அந்தத் தோட்டாவுல குண்டு சுமார் 11.7 கிராம், மருந்து கிட்டத்தட்ட 4.5 கிராம். சுட்டா தோள்ல கழுதை உதைச்ச மாதிரி இருக்குமாம். அதை விட மோசம், உதைக்குப் பயந்து விசையை இழுக்குறதுக்கு முன்னாடியே உடம்பு சுருங்கிடுது. போன சீசன்ல ஒரு பன்னி காயத்தோட ஓடிப் போயி சாயங்காலம் வரைக்கும் தேடினாங்களாம். அதைச் சொல்லும்போது அவர் குரல் ஒரு மாதிரி ஆயிடுச்சு.

முதல்ல பட்டறைக்காரனா பதில் சொன்னேன். குழலோட உள்துளைக்கும் வெளி விட்டத்துக்கும் மையம் ஒண்ணா இருந்தே ஆகணும்னு கட்டாயம் இல்ல. அதனால உள்துளையை வெச்சு டயல் பார்த்துத்தான் மரை வெட்டணும். கொஞ்சம் கோணினாலும் குண்டு பிரேக்குல உரசும். இது என்னை மாதிரி ஆளுங்க செய்யுற வேலை இல்ல, துப்பாக்கி வேலை தெரிஞ்சவர்கிட்டதான் கொடுக்கணும்.

அந்த பிரேக் என்ன பண்ணுதுன்னு பாருங்க. குண்டுக்குப் பின்னால வர்ற சூடான வாயுவை நேரா போக விடாம, பக்கவாட்டுலயும் கொஞ்சம் பின்னாலயும் திருப்புது. அந்த வாயு பிரேக்கோட சுவத்துல மோதி துப்பாக்கியை முன்னால இழுக்கும். மருந்து அதிகமான தோட்டாவுக்கு பலனும் அதிகம், உதை மூணுல ஒரு பங்கோ பாதியோ கூட குறையும். ஆனா வாயுவோட சத்தமும் சேர்ந்துதானே திரும்புது? பெரிய ரைபிள் சும்மாவே 160 டெசிபல் தாண்டும். 140-க்கு மேல போனா ஒரே வெடிகூட காதைக் கெடுக்கலாம். பிரேக் போட்டா சுடுறவர் காதுலயும் பக்கத்துல நிக்கறவர் காதுலயும் இன்னும் ஏறும்.

இங்கதான் எனக்கு அப்பா ஞாபகம் வந்துட்டார். 1950-களோட கடைசியில அல்ஜீரியாவுக்கு அனுப்பினாங்க. காதுக்கு எதையும் மாட்டாம சுட்ட காலம். திரும்பி வந்ததுலேர்ந்து காதுக்குள்ள ஓயாம ஒரு விசில். ராத்திரி தூக்கம் வராம திண்ணையில உக்காந்திருப்பார். அம்மா எதைச் சொன்னாலும் மூணு தடவை சொல்லணும், மூணாவது தடவை சண்டையா முடியும். ஜூலை 14-ம் தேதி மெடலைக் குத்திக்கிட்டு கடற்கரை போர் நினைவுச்சின்னத்துக்குப் போவார். பாட்டு ஆரம்பிச்சா, பக்கத்து ஆள் வாயசைவைப் பார்த்துத்தான் இவர் வாயைத் திறப்பார். சின்னப் பையனா பக்கத்துல நின்னு அதைப் பார்த்தவன் நான். இப்போ உப்பளம் கல்லறையிலதான் இருக்கார். கல்லறைத் திருநாளுக்குப் போறப்பல்லாம், இனிமேலாவது விசில் கேக்காதுன்னு நினைச்சுக்குவேன்.

"மாப்ளே, உங்க பையனுக்கு என்ன வயசு?"

"பதினஞ்சு. இந்த வருஷத்துலேர்ந்து என்கூடதான் வர்றான்."

அங்க பதினஞ்சு வயசுல பெரியவங்க துணையோட வேட்டைக்குப் போகலாமாம். ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே துப்பாக்கிதான்னு விதி. அப்படின்னா அப்பன் சுடும்போது பையன் எங்க நிப்பான்? அந்த வாயு வெளிய வர்ற பக்கத்துலதான். தோள் நோவு அப்பனுக்குக் குறையும், கணக்கு மருமகன் காதுல எழுதப்படும்.

மாப்ளை கொஞ்ச நேரம் பேசல.

அப்புறம் ஒவ்வொண்ணா பார்த்தோம். புது ட்ரிக்கர் வேணாம், உதைக்குப் பயப்படறவருக்கு லேசான விசையால ஆபத்துதான். ஸ்கோப் இருக்கறதே போதும். கட்டையோட அடியில நல்ல ரப்பர் பேட், கட்டையோட நீளம் அவர் கைக்குச் சரியா இருக்கான்னு ஒரு பார்வை, இதுல செலவு கம்மி, பலன் ஜாஸ்தி. மரை வெட்டியே ஆகணும்னா சைலன்சருக்கு வெட்டட்டும். பிரான்சுல 2018-லேர்ந்து வேட்டைக்கு அனுமதி இருக்கு. சத்தம் இருபது, முப்பது டெசிபல் இறங்கும், உதையும் குறையும். சினிமாவுல வர்ற மாதிரி 'புஸ்'னு எல்லாம் கேக்காது, ஒலியை மிஞ்சிப் போற குண்டோட வெடிப்பு அப்படியே இருக்கும். அதனால காதுமூடி எப்படியும் வேணும், ரெண்டு பேருக்கும்.

"விரட்டி வர்ற பன்னியை எவ்ளோ தூரத்துல சுடுறீங்க?"

"அம்பது மீட்டர், அறுபது மீட்டர்."

"அதுக்கு எதுக்கு மேக்னம்? .308 பத்தாதா? அதை வித்துட்டு இதை வாங்குங்க, பிரேக்கே தேவைப்படாது."

"ஆசைப்பட்டு வாங்கினது மச்சான்..."

நேத்து தங்கச்சி போன் பண்ணா. ரெண்டு காதுமூடி வந்துடுச்சாம், பையன் அதை மாட்டிக்கிட்டே வீட்டுக்குள்ள சுத்துறானாம், கூப்பிட்டா கேக்கலைன்னு திட்டினா. ரப்பர் பேடும் மாட்டியாச்சாம். .300-ஐ விக்கிறதைப் பத்தி மட்டும் மாப்ளை இன்னும் வாயைத் திறக்கல.